வளர்ற பிள்ளைக்கு எத்தனை இஞ்ச்?

மார்ச் பிறந்தால் போதும், இந்தப் பகுதிக்கு வரும் தபாலில் அரசியலும் சினிமாவும் பின்வாங்கிவிடும். அமெரிக்காவில் இருக்கும் நம் அப்பா அம்மாக்களின் பேஸ்பால் சந்தேகங்கள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்தத் தடவை குவிந்தது முழுக்க கிளவ் விவகாரம். பதில் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் பேஸ்பால் ஆடியதே கிடையாது. மகள் ஆடிய ஆறு வருஷமும் மைதானத்து ஓரத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மூன்று தப்பான கிளவ் வாங்கினேன். நாலாவது சரியாக அமைந்தது.

ஒரு தகப்பன், ப்ளேனோ, டெக்சஸ்

கேள்வி: மகனுக்கு 7 வயது. இந்த வருஷம்தான் லிட்டில் லீக்கில் சேர்த்தோம். வளர்ற பிள்ளைதானே என்று 12 இஞ்ச் கிளவாகவே வாங்கிவிட்டேன். இனி நாலு வருஷத்துக்குக் கவலையில்லை, சரிதானே?

பதில்: கிளவுக்குக் கவலையில்லை. மகனுக்குத்தான்.

உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆறாம் வகுப்பில் எனக்கு யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்தபோது டெய்லரிடம் அம்மா சொன்னது, "வளர்ற பிள்ளை, தாராளமா வெச்சுத் தைங்க." அந்தக் காக்கி நிஜாரை அரைஞாணில் செருகிக்கொண்டு எட்டாம் வகுப்பு வரை ஓட்டினேன். நிஜார் பெரிசாக இருந்தால் கையால் பிடித்துக்கொள்ளலாம். கிளவ் பெரிசாக இருந்தால் எதால் பிடிப்பது?

பந்து உள்ளே விழுந்த நொடியில் கிளவை மூடுவது அந்த ஏழு வயது விரல்கள். 12 இஞ்சில் அவை பாதி தூரம்கூடப் போகாது. கீல் பக்கத்தில் கையை வைத்துக் கதவைச் சாத்தப் பார்க்கிற கதைதான். கனம் வேறு. மணிக்கட்டு தொங்கும், கிளவ் கவிழும், பந்து உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். நாலு நாள் இப்படி நடந்தால் பையன் தனக்குப் பிடிக்க வரவில்லை என்று முடிவு கட்டிவிடுவான். தப்பு அளவில் இருக்கிறது என்று அவனுக்கு யார் சொல்வது?

பெரிய லீக்கில் செகண்ட் பேஸில் நிற்கிற ஆட்களே 11¼, 11½ இஞ்ச்தான் மாட்டுகிறார்கள். கிளவின் குழி ஆழமில்லாமல் இருந்தால்தான் பந்தைச் சட்டென்று எடுத்து எறியமுடியும். அங்கே விதிப்படி ஃபீல்டர் கிளவ் 13 இஞ்சைத் தாண்டக்கூடாது. கோடிகளில் சம்பளம் வாங்கும் முப்பது வயது ஆளுக்கு 11½. உங்கள் வீட்டுப் பொடியனுக்கு 12.

சுமார் கணக்கு சொல்கிறேன். டீ-பால் ஆடும் நாலு முதல் ஆறு வயதுக்கு 9 அல்லது 10 இஞ்ச். ஏழு, எட்டு வயதுக்கு 10 முதல் 11. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை 11 முதல் 11¾; அவுட்ஃபீல்டில் நிற்கிற பிள்ளை 12 வரை போகலாம். ஆனால் வயசைவிடக் கை சொல்வதுதான் கணக்கு. கடையிலேயே மாட்டிவிட்டு, கையை நீட்டச் சொல்லி, "மூடு, திற" என்று சொல்லுங்கள். இன்னொரு கையின் ஒத்தாசை இல்லாமல் பத்துத் தடவை மூடித் திறந்தால் அந்த கிளவ் அவனுடையது. மூன்றாவது தடவையிலேயே பல்லைக் கடிக்கிறானா? அடுத்த அலமாரிக்கு நகருங்கள்.

ரசீதை வைத்திருக்கிறீர்களா?

சந்தேகப் பிராணி, கேரி, நார்த் கரோலைனா

கேள்வி: 11 இஞ்ச் என்றால் எங்கிருந்து எங்கே?

பதில்: ஆள்காட்டி விரலின் நுனியில் தையல்காரர் டேப்பை வையுங்கள். உள்பக்கமாக, குழி வழியாக இறக்கி, உள்ளங்கை முடிகிற அடிவிளிம்பு வரை கொண்டுவாருங்கள். அவ்வளவுதான். பெரும்பாலும் கட்டைவிரலிலோ சுண்டுவிரலிலோ அச்சடித்தே இருக்கும். கேச்சர் மிட்டுக்கு மட்டும் கணக்கு வேறு, அதற்குச் சுற்றளவு. 32 என்று பார்த்துவிட்டு மயங்கி விழவேண்டாம்.

ஏமாந்தவர், எடிசன், நியூ ஜெர்சி

கேள்வி: ‘ரைட் ஹேண்ட்’ என்று எழுதிய கிளவைக் கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது கையில்தான் நுழைகிறது. டப்பா மாறிவிட்டதா?

பதில்: மாறவில்லை. அது ‘ரைட் ஹேண்ட் த்ரோ’. எறிகிற கையைச் சொல்வது, மாட்டுகிற கையை இல்லை. வலது கையால் எறிகிறவன் இடது கையில் கிளவ் மாட்டுவான்.

நான் வாங்கிய முதல் தப்பு கிளவ் இந்த வகைதான். மகள் வலக்கைக்காரி என்பதால் வலது கையில் நுழையும் கிளவாகத் தேடித் தேடி வாங்கினேன். அட்டையில் ‘லெஃப்ட்’ என்று இருந்தது. அச்சுப்பிழை என்று நினைத்து அந்தக் கம்பெனிக்காக வருத்தப்பட்டேன்.

அதே ஏமாந்தவர்

கேள்வி: இன்னொரு கைக்கு உள்ளது எங்கே?

பதில்: கிடையாது. ‘கிளவ்ஸ்’ என்று நாம் பன்மையில் பழகிவிட்டோம். இது ஒற்றை. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டவேண்டாம்.

ஒரு பாட்டி, நிரந்தரம் ஸ்ரீரங்கம், தற்சமயம் நேப்பர்வில்

கேள்வி: பேரனுக்கு எல்லாமே பீச்சாங்கை. இந்த ஆட்டத்தைச் சாக்காக வைத்து சோத்துக் கைக்கு மாற்றிவிட்டால் என்ன?

பதில்: நமஸ்காரம் பாட்டி. மாற்றவேண்டாம். இந்த ஊரில் இடக்கை பிட்சருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு. ஃபர்ஸ்ட் பேஸிலும் இடக்கைக்காரனுக்கு மரியாதை. கிளவ் வலது கையில் இருப்பதால் அவனுக்குப் பக்கத்து ஃபீல்டர்கள் இருக்கும் பக்கம் இன்னும் கொஞ்சம் எட்டும், எறிவதற்கும் திரும்ப வேண்டியதில்லை.

செகண்ட், தேர்ட், ஷார்ட்ஸ்டாப் மூன்றிலும் இடக்கைக்காரர்களை அதிகம் பார்க்கமாட்டீர்கள். பந்தை எடுத்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிய அவர்கள் உடம்பைச் சுழற்றிக்கொள்ள வேண்டும். அந்த அரைநொடியில் ஓடுகிறவன் போய்ச் சேர்ந்துவிடுவான். எட்டு வயதில் அந்தக் கவலை கிடையாது. எட்டு வயதில் யார் எறிந்தாலும் பந்து ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போவது தெய்வச் செயல்.

ஷோஹேய் ஓடானி பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜப்பான்காரர், பந்தும் எறிவார், மட்டையும் சுழற்றுவார். 2023 நவம்பரில் ஜப்பானில் இருக்கும் சுமார் 20,000 ஆரம்பப் பள்ளிகளுக்கும் பள்ளிக்கு மூன்றாகச் சிறுவர் கிளவ் தருவதாக அறிவித்தார். மொத்தம் ஏறக்குறைய 60,000. அதில் எனக்குப் பிடித்த விஷயம் எண்ணிக்கையில் இல்லை. மூன்றில் இரண்டு வலக்கைக்காரருக்கு, ஒன்று இடக்கைக்காரருக்கு. பள்ளிக்கூடத்து மூலையில் கூச்சத்தோடு நிற்கும் பிள்ளைக்கும் ஒன்று இருக்கட்டும் என்று யோசித்திருக்கிறார். பேரனுக்கு வாங்கும்போது ‘லெஃப்ட் ஹேண்ட் த்ரோ’ என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கடைகளில் இடக்கைச் சரக்கு கொஞ்சமாகத்தான் இருக்கும். சீசன் தொடங்குவதற்கு முன்பே போய்விடுவது நல்லது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாலிஞ்சரின் ‘தி கேச்சர் இன் தி ரை’ நாவலில் செத்துப்போன தம்பியின் கிளவ் ஒன்று வரும். அவனும் இடக்கைக்காரன். மைதானத்தில் நிற்கும்போது படிப்பதற்காக கிளவ் முழுக்கப் பச்சை மசியில் கவிதை எழுதி வைத்திருப்பான். பேரனை ரைட் ஃபீல்டில் நிறுத்தினால் நீங்கள் பாசுரம் எழுதிக் கொடுக்கலாம். அங்கே பந்து அபூர்வமாகத்தான் வரும்.

ரிடையர்டு ஹெட்மாஸ்டர், திருவல்லிக்கேணி

கேள்வி: நாங்கள் கார்க் பந்தையே வெறுங்கையால் பிடித்தோம். கவரில் நின்ற என் விரல் இன்னும் கோணல். இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் என்ன தோல் மெத்தை?

பதில்: ஐயா, உங்கள் விரலுக்கு வணக்கம். வாதத்துக்கு வலு சேர்க்க நானே ஒன்று தருகிறேன்: பேஸ்பால் கிரிக்கெட் பந்தைவிட லேசு. 142 முதல் 149 கிராம். கிரிக்கெட் பந்து 156-லிருந்து 163. அப்புறம் எதற்கு கிளவ்?

கிரிக்கெட்டில் கேட்ச் ஒரு வைபவம். நாள் முழுக்க நின்றும் ஒன்றுகூட வராமல் வீடு திரும்பலாம். பேஸ்பாலில் அது அன்றாடக் கூலி வேலை. தரையில் உருண்டு வருவதை ஒருவன் எடுத்து எறிவான், ஃபர்ஸ்ட் பேஸில் நிற்பவன் அதைப் பிடித்தால்தான் அவுட். ஒரு அணிக்கு 27 அவுட்; பெரிய லீக்கில் வருஷத்துக்கு 162 ஆட்டம். வெறுங்கையோடு ஜூன் மாதம் வரை தாக்குப்பிடிக்க முடியாது. இதைப் புரிந்துகொண்டுதான் கிரிக்கெட்டிலும் ஒவ்வொரு பந்தையும் வாங்கும் விக்கெட் கீப்பருக்கு மட்டும் கிளவ்ஸ் அனுமதித்திருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் பேஸ்பால்காரர்களும் உங்கள் கட்சிதான். கிளவ் போட்டவன் பொம்பளை என்று கேலி. 1875-ல் செயின்ட் லூயிஸ் அணியின் சார்லஸ் வெய்ட் என்பவர் ஒரு தோலுறை மாட்டிக்கொண்டு வந்தார். யாருக்கும் தெரியக்கூடாது என்று தோல் நிறத்திலேயே வாங்கியிருந்தார். தெரிந்துவிட்டது. ரெண்டு வருஷம் கழித்து ஆல்பர்ட் ஸ்பால்டிங் பளிச்சென்று கறுப்பு கிளவ் மாட்டிக்கொண்டு வந்து நின்றபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் பெரிய ஸ்டார். அதோடு விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். கேலிக்குப் பதில் ஆர்டர் வந்தது.

அதுவும் வெறும் கை மெத்தைதான். இன்றைக்கு நாம் பார்க்கும் கிளவைப் பிறக்கவைத்தவர் பில் டோக் என்ற கார்டினல்ஸ் பிட்சர். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் வார்களைப் பின்னி ஒரு வலை போட்டால் என்ன என்று ராலிங்ஸ் கம்பெனிக்குப் போய்ச் சொன்னார். 1920-ல் விற்பனைக்கு வந்தது; முப்பது வருஷத்துக்கு மேல் விற்றது. அதுவரை கையைக் காப்பாற்றிய கிளவ் அன்றிலிருந்து பந்தையும் பிடிக்க ஆரம்பித்தது. டோக் ஆட்டத்தில் சம்பாதித்த பெயரைவிட அந்த இரண்டு விரல் இடுக்கில் சம்பாதித்தது அதிகம்.

அவசரக்காரர், கூப்பர்ட்டினோ

கேள்வி: புது கிளவ் மரக்கட்டையாக இருக்கிறது. நாளை மறுநாள் மேட்ச். மைக்ரோவேவில் 30 விநாடி வைத்தால் இளகும் என்கிறார் ஆபீஸ் நண்பர்.

பதில்: வார் கோக்கிற ஓட்டைகளில் சிறு உலோக வளையங்கள் இருக்கும். முதலில் தீபாவளி, அப்புறம் ஃபயர் என்ஜின். ஓவனும் வேண்டாம், வெடிக்காது, ஆனால் தோலும் வாரும் உலர்ந்து, நடு சீசனில் பட்டென்று அறும். நண்பரின் சொந்த கிளவை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பெயர் போடவேண்டாம் என்றவர், சான் ஆன்டோனியோ

கேள்வி: அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். கிளவுக்குத் தினமும் தேங்காயெண்ணெய் தடவி வெயிலில் வைக்கிறார். நல்லதா?

பதில்: உங்கள் தலைக்கு நல்லது. கிளவுக்கு வேண்டாம். சமையல் எண்ணெய் எதுவானாலும் நாளாவட்டத்தில் சிக்கு வாடை அடிக்கும். தோல் குடித்துக் குடித்துக் கனத்துப் போகும். டெக்சஸ் வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

கிளவ் பழக்குவது குழந்தைக்குத் தொட்டில் பழக்குவதுபோல. அவசரப்பட்டால் வீடே தூங்காது. துணியில் கொஞ்சூண்டு கிளவ் கண்டிஷனரைத் தொட்டு மெல்லிசாக ஒரே ஒரு பூச்சு. பழைய ஆட்கள் லேனலின் கலந்த ஷேவிங் க்ரீம் தடவுவார்கள், அதுவும் அளவோடு. அப்புறம் குழி எங்கே விழவேண்டுமோ அங்கே, அதாவது ஆள்காட்டி விரலின் அடிக்கும் வலைக்கும் நடுவே, பந்தாலோ மரச் சுத்தியலாலோ பொறுமையாகத் தட்டவேண்டும். ராத்திரி குழியில் ஒரு பந்தை வைத்து, தளர்வாக ஒரு துணியால் கட்டிவைக்கலாம். மெத்தைக்கு அடியில் வைத்து மேலே படுத்தால் குழி போய் சப்பாத்தி வந்துவிடும்.

இதெல்லாம் சைடு வேலை. மெயின் வேலை தினமும் கால் மணி நேரம் பையனோடு பந்து போட்டுப் பிடிப்பது. அவன்தான் மாட்டவேண்டும். ஆர்வக்கோளாறில் நீங்கள் மாட்டிப் பழக்கினால் உங்கள் கைக்குப் பழகும். நான் வாங்கிய இரண்டாவது கிளவுக்கு அந்த கதி. மகள் மாட்டினால் உள்ளே அப்பாவின் கை இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கான கிளவ் பலதும் கடைக்கு வரும்போதே பாதி இளகித்தான் வருகிறது. அங்கேயே மூடித் திறக்க வருகிறதா என்று பார்த்து வாங்கினால் இந்த வைத்தியமெல்லாம் பாதி மிச்சம்.

பர்ஸைத் தடவிப் பார்ப்பவர், ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்

கேள்வி: எட்டு வயதுப் பையனுக்கு ராலிங்ஸா, வில்சனா? 40 டாலரா, 300 டாலரா?

பதில்: நரசுஸா கோத்தாஸா என்பது மாதிரியான கேள்வி. பதில் சொன்னால் இரண்டு குடும்பம் பேச்சை நிறுத்தும். ராலிங்ஸ் 1887-லிருந்து செயின்ட் லூயிஸ்காரர்கள். வில்சனின் ஏ2000 மாடல் 1957-லிருந்து ஓடுகிறது. இரண்டும் நல்ல காபி. ஆனால் குடிக்கப் போகிறவனுக்கு வயது எட்டு.

300 டாலர் கிளவ் தடித்த காளைத் தோல். பெரியவர்களுக்கே அதை வழிக்குக் கொண்டுவர ஒரு சீசன் ஆகும். இரண்டாவது சீசனில் உங்கள் பையனுக்கு அது சின்னதாகிவிடும். மறுபக்கம், 15 டாலருக்குக் கிடைக்கும் பளபள பிளாஸ்டிக்கில் குழியே விழாது. பந்து முறத்தில் விழுந்த மாதிரி தெறிக்கும். நடுவே, 40-லிருந்து 80 வரை, போதும். உள்ளங்கைப் பகுதி தோலா, வார் தோலா, மணிக்கட்டுப் பட்டையை இறுக்க முடிகிறதா, விரல் போகிற குழாய்கள் ஒல்லியாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். மேலே எந்த ஸ்டாரின் கையெழுத்து அச்சடித்திருக்கிறது என்பது பையன் கவலை. அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்கமாட்டார்.

நீங்கள் டெக்சஸ் என்பதால் ஒரு கொசுறு. டல்லாஸிலிருந்து வடமேற்கே சுமார் 100 மைலில் நொகோனா என்று சின்ன ஊர். அங்கே 1934-லிருந்து கிளவ் தைக்கிறார்கள். கம்பெனிக்கும் ஊர்ப் பெயரே. ஆனால் ஊர்ப் பெயரை டிரேட்மார்க் ஆக்க விடமாட்டோம் என்று சொல்லிவிட்டதால் நடுவில் இருந்த சி-யை எடுத்துவிட்டு கே போட்டார்கள். நம்மூரில் நியூமராலஜி பார்த்துச் செய்வதை அங்கே டிரேட்மார்க் ஆபீஸ் பார்த்துச் செய்திருக்கிறார்கள். 2006-ல் ஃபேக்டரி முழுக்க எரிந்துபோனது. மறுபடி எழுந்து தைத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுத்து மாற்றியும் தீ வந்ததே என்று கேட்காதீர்கள்.

சைவம், சன்னிவேல்

கேள்வி: எங்கள் வீட்டில் மாட்டுத்தோல் ஆகாது. பெண் அழுகிறாள். என்ன வழி?

பதில்: தோல் கலக்காத சிந்தெடிக் கிளவ் கிடைக்கிறது. சின்ன வயதுக்கு அது லேசு என்பதால் அனுகூலமும்கூட. பெரிய லீக்கிலேயே 2011-ல் யாங்கீஸ் அணிக்காக ப்ரையன் கார்டன் என்ற பிட்சர் தோலே இல்லாத கிளவோடு இறங்கினார். ஆனால் கண்டிப்பு முழுசாக இருக்கவேண்டுமென்றால் அடுத்த சிக்கல் பந்து. அதன் மேல்தோலும் மாடுதான். பிடிக்கும்போதாவது அதை அவள் கிளவால்தான் தொடப்போகிறாள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஒரு அம்மா, ஹோபோக்கன், நியூ ஜெர்சி

கேள்வி: பெண் பிள்ளை என்றால் சாஃப்ட்பால் கிளவ்தான் வாங்கவேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

பதில்: எந்தப் பந்து என்பதைப் பார்த்து வாங்கவேண்டும். சாஃப்ட்பாலின் சுற்றளவு 11 அல்லது 12 இஞ்ச், பேஸ்பாலுக்கு 9 சொச்சம். பெரிய பந்துக்கு ஆழக் குழி வேண்டும். அந்த கிளவோடு பேஸ்பால் ஆடினால் பந்து உள்ளே போய்த் தொலைந்துவிடும். ஹேண்ட்பேகில் சாவி தேடுவது மாதிரி தேடிக்கொண்டிருப்பாள். ஒன்றை மட்டும் அங்கிருந்து கடன் வாங்கலாம். சாஃப்ட்பால் கிளவில் கை நுழைகிற வாய் குறுகல், ஒல்லிக் கைக்குப் பாந்தமாக உட்காரும். பேஸ்பால் கிளவிலும் அப்படிப்பட்டதாகத் தேடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு தகவல். லிட்டில் லீக்கில் பெண்களைச் சேர்க்க 1974-ல் வழி பிறந்ததே உங்கள் ஹோபோக்கனில் மரியா பெப்பே என்ற சிறுமியை ஆடவிடாமல் நிறுத்தியதால் வந்த வழக்கில்தான். 1972-ல் மூன்று ஆட்டம் ஆடியிருந்தாள். 2014-ல் மோனே டேவிஸ் என்ற 13 வயதுப் பெண் லிட்டில் லீக் உலகத் தொடரில் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஜெயித்துக் காட்டினாள். அவரைக் கூப்பிட்டு ஒரு காபி கொடுத்துச் சொல்லுங்கள்.

கவலைப்படும் தாய், மேரிலாந்து

கேள்வி: பந்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். விலை கூடிய கிளவ் வாங்கினால் பயம் தெளியுமா?

பதில்: தெளியாது. விறைப்பான கிளவாக இருந்தால் இன்னும் கூடும். ஒரு தடவை உள்ளங்கையில் சுளீரென்று வாங்கியிருப்பான். கொஞ்ச நாளைக்கு கிளவையே எடுத்து உள்ளே வையுங்கள். டென்னிஸ் பந்து, வெறுங்கை, ஐந்தடி தூரம், கீழிருந்து மெதுவாக. கண்ணுக்கும் கைக்கும் சிநேகம் ஆனதும் இளகிய சின்ன கிளவ். கூடவே சிறுவர்களுக்கென்று விற்கும் மெத்துப் பந்து. இடுப்புக்கு மேலே வந்தால் விரல் வானத்தைப் பார்க்கட்டும், கீழே வந்தால் தரையை. பிடிக்கிற இடம் உள்ளங்கை இல்லை, வலையின் அடி என்பது பிடிபட்டால் வலிக்காது. வலிக்காவிட்டால் முகம் தானே திரும்பி வரும்.

முகத்துக்கு நேராக வருவதைப் பார்த்துத் தலையைத் திருப்புவது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை, புத்திசாலித்தனம். அதை மறக்கச் சொல்லித்தான் நாம் கோச்சுக்குப் பணம் கட்டுகிறோம்.

நுணுக்கர், பாஸ்டன்

கேள்வி: ஐ-வெப், எச்-வெப், ட்ரபீஸ், மூடிய வலை. எட்டு வயதுக்கு எது உத்தமம்?

பதில்: பந்து தாண்டிப் போகாத எதுவும். பிட்சர்கள் மூடிய வலை போடுவது, விரல்கள் பந்தை எப்படிப் பிடிக்கின்றன என்று எதிராளிக்குத் தெரியாமல் மறைக்க. எட்டு வயதில் உங்கள் பிள்ளைக்கே அது தெரியாது.

கேச்சரின் அப்பா, அட்லாண்டா

கேள்வி: மகன் கேச்சர் ஆகவேண்டும் என்கிறான். உடனே மிட் வாங்கவா?

பதில்: முதலில் கோச்சைக் கேளுங்கள். பல அணிகளில் கேச்சர் சாமான் மொத்தமும் பொதுவில் ஒரு மூட்டையாக இருக்கும். இந்த வயதில் ஒரே பையன் எல்லா இடத்திலும் நிற்பான். மிட்டை மாட்டிக்கொண்டு ஷார்ட்ஸ்டாப்பில் நிற்கமுடியாது. ஐந்து ஆட்டம் குந்தி உட்கார்ந்து எழுந்த பிறகும் முட்டி வலிக்கிறது என்று சொல்லாமல் அதே ஆசையில் இருந்தால் வாங்குங்கள்.

இரட்டை மனம், சிக்காகோ

கேள்வி: என் பையன் இரண்டு கையாலும் எறிகிறான். இரண்டு கிளவ் வாங்கவேண்டுமா?

பதில்: பாட் வெண்டிட்டி என்பவரும் இதே கேஸ்தான். சின்ன வயதிலிருந்தே அப்பா இரண்டு கைக்கும் பழக்கிவிட்டார். ஜப்பானின் மிசுனோ கம்பெனி அவருக்கு ஆறு விரல் கிளவ் செய்து கொடுத்தது. இரண்டு ஓரத்திலும் கட்டைவிரல், எந்தக் கையிலும் நுழையும். 2008-ல் ஒரு மைனர் லீக் ஆட்டத்தில் எதிரே வந்தவன் இரண்டு பக்கமும் நின்று அடிக்கிறவன். இவர் கிளவை மாற்ற, அவன் பக்கம் மாற, இவர் மறுபடி மாற்ற, அவன் மறுபடி மாற, பல நிமிஷம் பந்தே எறியாமல் ஆட்டம் நடந்தது. பிட்சர்தான் முதலில் எந்தக் கை என்று சொல்லவேண்டும் என்று அதற்காகவே விதி எழுதினார்கள். 2015-ல் ஓக்லண்ட் அணியில் பெரிய லீக்குக்கே வந்துவிட்டார். உங்கள் பையன் எந்தக் கையால் எறிந்தால் ஜன்னல் உடைகிறதோ, இப்போதைக்கு அந்தக் கைக்கு ஒன்று வாங்குங்கள்.

இரண்டு கையைப் பற்றிக் கேட்டதால் ஒரு கைக்காரரையும் சொல்லவேண்டும். ஜிம் அபட் பிறக்கும்போதே வலது உள்ளங்கை இல்லை. வலது முன்கையின் முனையில் கிளவைச் சாய்த்து வைத்துக்கொண்டு இடது கையால் எறிவார். எறிந்த கை கீழே இறங்குவதற்குள் கிளவுக்குள் நுழைந்திருக்கும். பிடித்ததும் கிளவை அக்குளில் இடுக்கி, பந்தை உருவி, மறுபடி எறிவார். சிறுவனாக இருந்தபோது சுவரில் பந்தை எறிந்து எறிந்து இந்த மாற்றலைப் பழகியவர். 1993 செப்டம்பர் 4-ம் தேதி யாங்கீஸுக்காக ஆடி, கிளீவ்லண்ட் அணியில் ஒருவனையும் ஒரு ‘ஹிட்’கூட அடிக்கவிடவில்லை. அந்த வீடியோவைப் பையனோடு உட்கார்ந்து பாருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், கிளவைப் பாருங்கள்.

சினிமாப் பிரியர், விருதுநகர்

கேள்வி: இதழ் முழுக்க பேஸ்பால். நமக்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

பதில்: ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ படத்துக்கு ஏ.ஆர். ரஹ்மான் இசை. உத்தரப் பிரதேசத்தின் ஈட்டி எறிகிற இரண்டு பையன்கள், ரிங்கு சிங், தினேஷ் படேல், 2008-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமான நிஜக் கதை. எறியத் தெரிந்தவர்களைத் தேடி இந்தியாவுக்கு வந்தார்கள். கிளவ் மாட்ட அங்கே கூட்டிப்போய்த்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

களைத்துப்போன அம்மா, சியாட்டில்

கேள்வி: ஆட்டம் முடிந்ததும் கிளவை மைதானத்திலேயே போட்டுவிட்டு வந்துவிடுகிறான். இது மூன்றாவது.

பதில்: 1954-ல் விதி வரும்வரை பெரிய லீக் ஆட்டக்காரர்களே அப்படித்தான். தங்கள் அணி பேட் செய்யும் நேரத்தில் கிளவைப் புல்லிலேயே வீசிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். எதிரணிக்காரன் அதைத் தாண்டி ஓடுவான். ஆகவே உங்கள் மகன் மரபைக் காக்கிறான். பெயரையும் உங்கள் போன் நம்பரையும் மணிக்கட்டுப் பட்டையின் உள்பக்கம் அழியாத பேனாவால் எழுதுங்கள். அடுத்ததைப் பழைய சாமான் விற்கும் ஸ்போர்ட்ஸ் கடையில் வாங்குங்கள். எவனோ வளர்ந்துவிட்டதால் விட்டுப்போன, நன்றாகக் குழி விழுந்த கிளவ் பாதி விலைக்குக் கிடைக்கும். வார் அறுந்திருந்தால் பரவாயில்லை, மாற்றிக் கோக்கலாம். உள்ளங்கைத் தோல் காகிதமாக வெடித்திருந்தால் விட்டுவிடுங்கள். என் மகளின் நாலாவது கிளவ் அப்படி வந்ததுதான். உள்ளே வேறொரு பிள்ளையின் பெயர் பாதி அழிந்து இருந்தது. அவள் அதைக் கடைசிவரை அடிக்கவில்லை; பக்கத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டாள்.

வயது 7, ப்ளேனோ, டெக்சஸ்

கேள்வி: அங்கிள், அப்பா எனக்குப் பெரிய கிளவ் வாங்கியிருக்கார். கை வலிக்குது. சொன்னா திட்டுவாரா?

பதில்: திட்டமாட்டார் கண்ணா. இந்தப் பக்கத்தின் முதல் கேள்வியை அப்பாவிடம் காட்டு. ஊர் பெயரை மட்டும் கட்டைவிரலால் மறைத்துக்கொள்.